காப்புக்கு முன் தொண்ணூறு அடி

சனிக்கிழமை காலையில் பறை அடித்துச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய ஊர் அம்மன் கங்கம்மாவுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஒன்பது நாளைக்கு எங்கள் ஊரில் யாரும் மண்ணில் கடப்பாரை வைக்கக் கூடாது. வேலிக்கு ஒரு குச்சி நடக்கூட மண்ணைக் குத்த மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குக் காரணம் தேவையில்லை. நாள்தான் தேவை. மூன்றரை நாள் இருந்தது. அதற்குள் என் வீட்டுச் சுவரில் இருக்கும் கரண்டு மீட்டரிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காரேஜ் வரைக்கும் தொண்ணூறு அடி பள்ளம் எடுத்து, பைப்பு போட்டு, மூடியாக வேண்டும்.

காரேஜ் என் மகள் மனோரமாவுடையது. பதினாலு வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் பெருக்கித் துடைத்துவிட்டு வந்து கட்டியது. வேன், கார் கழுவி, கிரீஸ் அடித்து, ஆயில் மாற்றிக் கொடுக்கிற இடம். தடா பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து நாகலாபுரம் ரோட்டில் விடிந்தால் ஆள் ஏற்றிப்போகிற வேன்தான். திருப்பதியில் இருக்கிற ஒரு வேன் முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்: வியாழக்கிழமை சாயங்காலம் என் மேனேஜர் வருவார், மோட்டார் ஓடித் தண்ணீர் பீய்ச்சினால் எட்டு வேனும் உன்னிடம், ஓடாவிட்டால் தடா பைபாஸில் இன்னொருத்தன் இருக்கிறான்.

அந்த எட்டு வேன் வராவிட்டால் மனோரமாவுக்கு மறுபடியும் குவைத்துதான். ஏஜெண்டு ஒரு விசாவை வைத்துக்கொண்டு தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடு என்று.

முதல் தடவை அவளை அந்த ஏஜெண்டிடம் கூட்டிப் போனது நான்தான். புருஷன் அவளை விட்டுப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் பேரை எழுத எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவன் என்னைக் கைநாட்டு வைக்கச் சொன்னான். வைத்தேன். இரண்டு வருஷம் என்றான், பதினாலு ஆனது. அதிலிருந்து எந்தக் காகிதத்தையும் நான் நம்புவதில்லை. அதைக் கொண்டுவருகிறவனையும் நம்புவதில்லை.

கரண்டை மேலே கம்பியாக இழுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் கங்கம்மா சப்பரம் வீட்டுக்கும் காரேஜுக்கும் நடுவில் இருக்கிற ஊர் ரோட்டில்தான் வரும். பூக்கட்டி நிமிர்த்தினால் மாடி வீட்டை விட உயரம். ஒரு வருஷம் ஒரு சர்வீஸ் கம்பி சப்பரத்துக் குடையில் மாட்டிக்கொண்டு, ஊரே இருட்டில் நின்றது. அன்றிலிருந்து அந்த ரோட்டுக்குக் குறுக்கே கம்பி கிடையாது.

கோயில் கமிட்டித் தலைவர் பாலசுந்தரத்திடம் போய்க் கேட்டேன். எனக்கும் அவருக்கும் ஒரே வயசு. அவர் என்னை 'டா' போடுவதை நிறுத்தி ஒரு பத்து வருஷம் ஆகியிருக்கும்.

"மேல போவாத சின்னசாமி, கீழ போ. காப்புக்கு முன்ன முடிச்சிக்கோ. நான் இன்னா சொல்லப் போறேன்?" என்று சிரித்தார்.

அவர் சிரித்தால் நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

சனிக்கிழமையே கயிறு பிடித்துக் கோடு போட்டேன். பள்ளம் எடுப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெலிபோன் கேபிள் வந்த காலத்தில் சித்தூரிலிருந்து பலமனேர் வரைக்கும் ரோட்டோரமாக ஆறு வருஷம் தோண்டியவன். இரண்டரை அடி ஆழம், ஒரு அடி அகலம், அடி மட்டமாக இருக்க வேண்டும். நாங்கள் தோண்டுவோம், கம்பெனி ஆட்கள் பைப்பு போடுவார்கள், நாங்கள் மூடுவோம். மூடிய கையோடு மேஸ்திரி எங்களை லாரியில் ஏற்றி அடுத்த மைலுக்குக் கொண்டுபோய்விடுவான். அந்தப் பைப்புக்குள் கேபிள் எப்படிப் போனது என்று ஒரு நாளும் நான் நின்று பார்த்ததில்லை.

"நைனா, ஜேசிபிய கூப்டா ஒரு மணி நேரத்துல எடுத்துட்டு போயிடுவான்" என்றாள் மனோரமா.

"தண்ணி பைப்ப ஒடைப்பான். ஒடச்சிட்டு, ஏற்கனவே ஒடஞ்சி இருந்திச்சின்னுவான்."

"ஆளு ரெண்டு பேர வெச்சிக்கலாமில்ல?"

"வெச்சா அவனுங்கள பாத்துக்கினு ஒக்கார ஒரு ஆளு வேணும்."

"ஒனக்கு எழுவது வயசாவுது."

"கடப்பாரைக்கு அது தெரியாது. மண்ணு அள்ற பாண்டு எடுத்துக்கினு வா."

முற்றத்து மண் சொன்னபடி கேட்டது. ரோடு கேட்கவில்லை. மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே எந்தக் காலத்திலோ போட்டு இறுகிப்போன கருங்கல் ஜல்லி. ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுக்க ஞாயிறு முழுக்கப் போயிற்று. பாதி ரோட்டை வெட்டி, பலகை போட்டு வண்டி விட்டு, மறு பாதியை வெட்டினேன். போகிற வருகிறவன் எல்லாம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "இன்னா சின்னசாமி, பொதையலா?" என்றான் ஒருத்தன். "ஆமா, ஒன்ன பொதைக்க" என்றேன். நடுவில் ஊர் போர்வெல் குழாய் குறுக்கே வந்தது. அதைச் சுற்றி வளைத்துப் போனேன். திங்கட்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் பள்ளம் காரேஜ் சுவரைத் தொட்டது.

செவ்வாய் காலையில் எலெக்ட்ரீஷியன் வெங்கடரமணன் புத்தூரிலிருந்து வந்தான். நாற்பது வயசு இருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவான். ஆட்டோ நிறைய இரண்டு இஞ்சுப் பைப்பும், யானைத் தந்தம் மாதிரி வளைந்த நாலு பெண்டும் கொண்டுவந்திருந்தான். பெண்டைப் பார்த்ததும் எனக்கு இடித்தது.

"இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பெண்டு? கடையில சின்ன எல்போ கீதே, அது போதாதா?"

"தாத்தா, கேபிளு கட்ட வெரலு மொத்தம். எல்போல மடங்காது."

"கமிஷன் எம்மாம்?"

"ராமா! கமிஷன் துன்றவன் இந்த வெயில்ல பள்ளத்துல எறங்குவானா? திருப்பதில ஏசி ரூம்ல ஒக்காந்துக்கினு கையெழுத்து போட்டுக்கினு இருப்பான்."

மனோரமா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. விட்டுவிட்டேன்.

நான் ஓடைப் பக்கம் போய் மணல் கொண்டுவருவதற்குள் அவன் பைப்புகளைப் பசை போட்டு ஒட்டி, பள்ளத்தில் இறக்கிவிட்டிருந்தான். "கேபிளு சாயங்காலம் திருப்பதில இருந்து பார்சல் லாரில வருது. நாளைக்கு காலைல இழுத்துடலாம். நீ மூடிடு தாத்தா" என்று சொல்லிவிட்டு, நாராயணவனத்தில் இன்னொரு வேலை என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

மூடுவதற்கு முன்னால் இரண்டு முனையையும் பார்த்தேன். காரேஜ் பக்கத்து முனையில் ஒரு சாண் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. புதுக் கம்பி, பளபளவென்று. வீட்டுப் பக்கமும் அதே கம்பி.

டெலிபோன் வேலையில் சாயங்காலம் ஆனால் மேஸ்திரி சாமான்களை எண்ணுவான். ஒரு துண்டுக் கம்பி குறைந்தாலும் முதலில் எங்கள் சோற்றுத் தூக்கைத்தான் திறப்பான். அதனால் கம்பி எது கண்ணில் பட்டாலும் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அவன் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கேட்பதற்கு முன் கொடுத்தால் இன்னும் எங்கே வைத்திருக்கிறாய் என்பான்.

இவன் இதை மறந்துவிட்டுப் போனானா, இல்லை நாளைக்கு வந்து 'கம்பி எங்கே, உன் வீட்டில்தானே இருந்தது' என்று கேட்பதற்காக விட்டுவிட்டுப் போனானா? எனக்கு இரண்டாவதுதான் பட்டது. முனையைப் பிடித்து இழுத்தேன். பட்டு மாதிரி வந்தது. தொண்ணூறு அடிக்கு மேல் இருந்தது. வட்டமாகச் சுற்றி, கட்டி, வீட்டுக்குள் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கேட்கட்டும், பார்க்கலாம்.

பிறகு பைப்பு வாய் இரண்டையும் துணி சுற்றி இறுக்கிக் கட்டினேன். எலி நுழையாது, மண் நுழையாது. மணல் போட்டு, அதன் மேல் வரிசையாகச் செங்கல் பரப்பி, மண் தள்ளித் திம்சுக் கட்டையால் இடித்தேன். ரோட்டுப் பக்கம் ஜல்லியைத் திரும்பப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறுக்கினேன். கடைசிப் பாண்டு மண்ணைக் கொட்டி மிதிக்கும்போது கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டினார்கள். நான் குளித்துவிட்டுப் போய்க் கும்பிட்டேன். பாலசுந்தரம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முடித்துவிட்டேன் என்று நானும் ஆட்டினேன்.

புதன் காலையில் வெங்கடரமணன் கேபிளோடு வந்தான். கருப்பு கேபிள், உருளையில் சுற்றி. பைப்பு வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். விரலை விட்டுத் துழாவினான். குனிந்து பார்த்தான். ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வந்தான்.

"தாத்தா, கம்பி எங்க?"

இதற்குத்தான் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்து கம்பி வட்டத்தைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தேன். "அளந்துக்கோ. ஒரு மொழம் கொறையாது. எங்க ஊட்ல திருடறவன் கெடையாது."

அவன் கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"தாத்தா... அத கேபிளு இழுக்க உள்ள வுட்டிருந்தேன். அதுல கேபிள கட்டி, அந்தப் பக்கம் இருந்து இழுக்கணும். அத எடுத்துட்டா எத புடிச்சி இழுக்கறது? ஒன் மீசையவா?"

"நீ சொன்னியா?"

"மூடுன்னுதானே சொன்னேன். உருவுன்னா சொன்னேன்?"

"உருவாதன்னும் சொல்லல."

"அய்யோ ராமா, இதக்கூடவா சொல்வாங்க?"

ஆறு வருஷம் பள்ளம் எடுத்தவனுக்கு இது தெரியாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவன் பேசிக்கொண்டே இருக்காமல் வேலையைப் பார்த்தான். அதற்காக அவனை மெச்ச வேண்டும். அதே கம்பியின் முனையை மடக்கி, வீட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினான். முதல் பெண்டைத் தாண்டியது. முப்பது அடி போனது. போர்வெல்லைச் சுற்றி நான் வளைத்த இடத்தில் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து தள்ளினான். அங்கேயும் அதே வளைவுக்கு வந்து நின்றது. மத்தியானம் வரைக்கும் தள்ளினான். நான் தள்ளினேன். திருகித் தள்ளினோம். கம்பி உள்ளுக்குள் சுருண்டதே தவிரப் போகவில்லை.

நான் கடப்பாரையை எடுத்தேன். போர்வெல் பக்கத்தில் மூன்றடி திறந்தால் போதும். பைப்பை அறுத்து, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து, மறுபடி ஒட்டிவிடலாம். அரை மணி வேலை.

முதல் குத்து விழுவதற்குள் பாலசுந்தரம் வந்துவிட்டார். எவனோ ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"சின்னசாமி, வாணாம். காப்பு கட்டியாச்சி."

"மூணடிதான்."

"மூணடின்னாலும் மண்ணுதான். நான் ஒத்துக்கினாலும் ஊரு ஒத்துக்காது. ஒன்பது நாளு பொறுத்துக்கோ."

"ஒன்பது நாளுக்கு அப்புறம் எம் பொண்ணு குவைத்துல இருப்பா. அப்ப நீங்க வந்து தோண்டிக் குடுப்பீங்களா?"

கூட்டம் சேர்ந்தது. நான் கடப்பாரையைத் தூக்கினேன். மனோரமா வந்து பாதியில் பிடித்துக்கொண்டாள். பதினாலு வருஷம் அடுத்தவன் வீட்டுக் கம்பளத்தைத் தூக்கி உதறிய கை. விடவில்லை.

"வுடு மனோரமா. ஒரு தரம் ஒன்ன அனுப்பிட்டேன். இன்னொரு தரம் அனுப்ப மாட்டேன்."

"நைனா, நான் இந்த ஊர்லதான் தொழில் பண்ணப் போறேன். காப்ப மீறி தோண்டின எடத்துல எந்த டிரைவரு வண்டி வுடுவான்? அந்த டிரைவருங்க பாதிப் பேரு இந்த ஊரு ஆளுங்கதான். கரண்டு வந்தும் வண்டி வராது. புரியுதா?"

புரிந்தது. கடப்பாரையைக் கீழே போட்டேன். புரிந்தால் வலிக்காது என்றில்லை.

அன்று சாயங்காலம் அவள் காரேஜ் முன்னால் குந்திக்கொண்டு பைப்பு வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஜெண்டு போன் வந்தது. "நாளைக்கு சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் திடீரென்று எழுந்தாள்.

"வெங்கடரமணன் அண்ணா, குவைத்துல எங்க மேடம் ஊட்டுக்கு கேமரா போட வந்தாங்க. சொவுத்துக்குள்ள பைப்பு. அந்தாளு ஒரு நூலுல கேரி பேகு துண்ட கட்டி இந்தப் பக்கம் உள்ள வுட்டான். அந்தப் பக்கம் நான் கூட்டற வாக்யூம் மிஷின வெச்சி இழுத்தான். சர்ருனு நூலு வந்துடுச்சி. மிஷின நான்தான் புடிச்சிக்கினு நின்னேன்."

"இங்க வாக்யூம் ஏது சிஸ்டர்? காரேஜ்ல கரண்டே இல்ல."

"இழுக்க வாணாம். ஊதலாம். மெயின் ரோட்ல பஞ்சரு கடை வெச்சிக்கினு கீறாரே முனியப்பன் அண்ணன், அவருது டீசல் இன்ஜின் கம்ப்ரஷரு."

வெங்கடரமணன் தலையைச் சொறிந்தான். "நாலு பெண்டு கீது... பெரிய பெண்டு. போனாலும் போவும்."

பெரிய பெண்டு என்றபோது என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வியாழன் காலையில் முனியப்பன் கம்ப்ரஷரைத் தள்ளு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். தொப்பையும் பெரிசு, வாயும் பெரிசு. "டயருக்கு காத்து புடிச்சிருக்கேன், லாரிக்கு புடிச்சிருக்கேன். ரோட்டுக்கு புடிக்கறது இதான் மொத தடவ" என்றான். கங்கம்மா ஜாத்திரைக்காக ஊரில் தறிகள் நின்றிருந்தன. பக்கத்து வீட்டுத் தறிக்காரம்மா ஒரு கோன் நூல் கொடுத்தாள். வேன் சீட்டுக்குப் போடும் ஸ்பாஞ்சிலிருந்து மனோரமா பைப்பு வாய் அளவுக்கு உருண்டையாக வெட்டினாள்.

வீட்டுப் பக்கத்தில் ஸ்பாஞ்சை உள்ளே விட்டு, காற்றுக் குழாயைச் சொருகி, சைக்கிள் டியூபைச் சுற்றி வெங்கடரமணன் வாயை அடைத்தான். நூல் அவன் விரல் நடுவில் ஓடிற்று. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காரேஜ் முனையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்ஜின் கத்தியது. கையில் ஒன்றும் இல்லை. பிறகு இலேசாகச் சூடு பட்டது. காற்று.

"வருது!" என்று கத்தினேன்.

"நூலு நின்னுடுச்சி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில்.

ஸ்பாஞ்சு சின்னது, காற்று அதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டது. வெளியே இழுத்துவிட்டு, பெரிதாக ஒன்று வெட்டினாள். அது முதல் பெண்டிலேயே சிக்கிக்கொண்டது. அதை நூலைப் பிடித்துத் திரும்ப இழுக்கும்போது நூல் அறுந்தது. உள்ளே ஸ்பாஞ்சு, வெளியே நாங்கள். முனியப்பன் இன்ஜினை அணைத்தான்.

"அந்தப் பக்கம் இருந்து ஊதி இங்க வெளிய தள்ளலாம்" என்றேன். பைப்பைப் பற்றி நான் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அதுதான். கம்ப்ரஷரை ரோட்டைத் தாண்டித் தள்ளி வந்தோம். ஊதினோம். வீட்டுப் பக்கம் ஸ்பாஞ்சு துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாய்ந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாலசுந்தரம் வேட்டியில் போய் அடித்தது.

"தோண்டாதன்னு சொன்னதுக்கு என்னையே அடிக்கிறீங்களா?" என்றார். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த ஒரு தடவை நான் பையைத் தொடவில்லை.

தறிக்காரம்மா வந்து நூலை மூன்று இழையாக முறுக்கிக் கொடுத்தாள். மனோரமா நடுத்தரமாக ஒரு ஸ்பாஞ்சு வெட்டி, காருக்குப் போடும் ஷாம்பூவில் நனைத்தாள். வாங்கி வைத்த கேன், இன்னும் ஒரு வண்டிக்கும் போடாதது. கம்ப்ரஷரைத் திரும்ப வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, நான் காரேஜ் முனைக்குப் போனேன். இன்ஜின் கத்தியது. என் உள்ளங்கையில் காற்று பட்டது. அது நின்றது. மறுபடி பட்டது. உள்ளே சரசரவென்று ஏதோ வருவது மாதிரி. கையை எடுத்தேன். ஷாம்பூ நுரையோடு ஸ்பாஞ்சு என் மடியில் வந்து விழுந்தது. அதன் வாலில் நூல்.

நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யார் கேட்டாலும் விடுவதாக இல்லை.

நூலில் நைலான் கயிறு கட்டி இழுத்தோம். கயிற்றில் கம்பி. கம்பியில் கேபிள். கேபிள் மேல் மனோரமா ஷாம்பூவை ஊற்றிக்கொண்டே இருந்தாள். காரேஜ் பக்கத்தில் நானும் முனியப்பனும் இழுத்தோம். கடைசிப் பெண்டில் இறுகி நின்றது. இரண்டு பேர் பலம் போதவில்லை. பாலசுந்தரம் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்தார். நாளைக்குச் சொல்லிக் காட்டத்தான் பிடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். காட்டட்டும். "ஏலே... ஐசா" என்றார். மூன்று பேரும் பின்னால் சாய்ந்தோம். கருப்புக் கேபிள் நுரை வழிய வெளியே தலை நீட்டியது. மண்ணில் ஒரு கீறல் விழவில்லை.

மணி இரண்டரை. வெங்கடரமணன் சாப்பிடக்கூடப் போகாமல் இரண்டு பக்கமும் இணைப்புக் கொடுத்தான். நான் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு ஒயரையும் எது, எதற்கு என்று கேட்டேன். இந்தத் தடவை பதில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். நாலே முக்காலுக்கு மெயினைப் போட்டான். மோட்டார் உறுமியது. குழாய் துள்ளி, மனோரமா கையிலிருந்து தண்ணீர் கொட்டகைக் கூரை வரைக்கும் பாய்ந்தது.

ஐந்தரைக்கு மேனேஜர் ஒரு வேனில் வந்தார். யாரையும் பாராட்டவில்லை. தண்ணீர் வேகத்தில் கையை வைத்துப் பார்த்தார், மோட்டாரைச் சுற்றி நடந்தார், எண்ணெய்த் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் தெலுங்கில் பதில் சொன்னாள். கடைசியில், "ஞாயிற்றுக்கிழமையில இருந்து ரெண்டு ரெண்டா அனுப்பறோம். இத இப்பவே கழுவிக் காட்டும்மா" என்று தான் வந்த வேனைக் காட்டினார்.

அப்போது அவள் போன் அடித்தது. ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டே மறு கையில் எடுத்தாள்.

"ஆங், சொல்லுங்க... இல்ல, நாளைக்கு இல்ல... பாஸ்போர்ட்டு குடுக்கப் போறதில்ல... கேக்கலியா? இங்க மோட்டாரு ஓடிக்கினு கீது, அதான் சத்தம். வரலன்னேன். வரல!"

போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி அணைத்தேன். அவள் டிரைவரைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றச் சொல்லிக் கத்திவிட்டு, சக்கரத்திலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.